மண் போதிசத்துவரும் மண் குதிரையும்

சொற்கள் தமக்குரிய நேர்ப்பொருளை விட்டு, வழிவழியாக வந்த வழக்கின் வலிமையால் வேறொரு பொருளைத் தருமானால், அவ்வாறு அமைந்த தொடரை மரபுத்தொடர் என்பர். ‘கம்பி’ என்னும் சொல்லையும் ‘நீட்டுதல்’ என்னும் சொல்லையும் தனித்தனியே அறிந்த அயல்மொழியாளர் ஒருவர், ‘கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்’ என்பதைக் கேட்டு, அவன் ஓடிப்போனான் என்று உணர்ந்துகொள்வது அரிது. அகராதி அவருக்குச் சொற்களைத் தரும், வழக்கைத் தராது. வழக்கை அறிவதென்பது, அத்தொடரை யார், யாரிடம், எந்த நிலையில் சொல்லலாம், எந்த நிலையில் சொல்லலாகாது என்பனவற்றையும் சேர்த்து அறிவதாகும். கான்டனீஸ் என்னும் தென்சீன மொழியின் மரபுத்தொடர்களைக் கற்க முயலும் தமிழர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுவே. அவ்விடர்ப்பாட்டைக் கடப்பதற்கான கருவிகள் தமிழ் இலக்கண மரபிலேயே இருக்கின்றன என்பது பலராலும் கவனிக்கப்படாத உண்மை.

பழைய நாளில் கான்டன் என்று அழைக்கப்பட்ட குவாங்சோவ் நகரையும் அதைச் சூழ்ந்த குவாங்டொங் மாநிலத்தையும் பிறப்பிடமாகக் கொண்ட கான்டனீஸ், ஹாங்காங்கிலும் மக்காவிலும் அன்றாடப் பேச்சுமொழியாக விளங்குகிறது. ஹாங்காங்கில் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் வழக்கமாகப் பேசுவது இம்மொழியையே. பெய்ஜிங்கை மையமாகக் கொண்ட மாண்டரினை மட்டும் அறிந்தவர், எழுத்தை ஓரளவு படிக்க இயன்றாலும், ஹாங்காங் சந்தையில் நடக்கும் பேச்சைப் பின்தொடர இயலாது. சென்னையில் சீன மொழி என்ற பெயரில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் மாண்டரினே ஆதலால், கான்டனீஸ் கற்க விரும்பும் தென்சென்னைவாசி ஆங்கில வழிக் கையேடுகளையும் காணொளிகளையும் நாட வேண்டியவராகிறார். ஆங்கிலம் இங்கே இடைத்தரகராக நிற்கிறது. அதனால் பொருள் எவ்வாறு திரிகிறது என்பதை ஒரு தொடரைக் கொண்டே காட்டலாம்.

‘ஸொய் க்வோ ஆப் பூய்’ என்பது கான்டனீஸில் மிகவும் பழகிய ஒரு தொடர்; ‘வாத்தின் முதுகில் ஓடிய நீர்’ என்பது அதன் நேர்ப்பொருள். இதே உருவகம் ஆங்கிலத்திலும் இருக்கிறது என்றாலும், அங்கே அது வசைமொழியோ கண்டனமோ ஒருவரைச் சிறிதும் புண்படுத்தாமல் வழிந்துபோவதைக் குறித்து, அவருடைய மனவுறுதிக்குப் பாராட்டாகவும் நிற்கும். கான்டனீஸிலோ, ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம் மாணவர் உள்ளத்தில் ஒட்டாமல் மறுநாளே மறைந்துபோவதைக் குறிக்கும் குறைகூறலாகவே அது வழங்குகிறது. ஆங்கில வழியாகக் கற்றவர், ஹாங்காங் ஆசிரியர் ஒருவர் தம் பிள்ளையைப் பற்றி இவ்வாறு சொல்லக் கேட்டால், அதைப் புகழுரை என்று மயங்கக்கூடும். தமிழ் வழியாகக் கற்பவருக்கு அத்தகைய மயக்கம் நேராது. ‘எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல’ என்று நம் வீடுகளில் பெற்றோர் சொல்லும்போது வெளிப்படும் அதே சலிப்பு அந்த வாத்தின் முதுகிலும் ஓடுவதை அவர் உடனே உணர்வார்.

ஒலிகளிலும் தமிழருக்குச் சில வசதிகள் உண்டு. ‘ங’ என்னும் எழுத்தை அரிச்சுவடியில் கற்றும் சொல்லின் முதலில் அதைப் பயன்படுத்த வாய்ப்பற்றவர்கள் தமிழர்கள். கான்டனீஸில் ‘நான்’ என்பதற்கு ‘ஙோ’ என்றும், மாட்டுக்கு ‘ஙவ்’ என்றும் சொற்கள் அந்த ஒலியிலேயே தொடங்குகின்றன. (ஹாங்காங் இளைஞர் பலர் இவ்வொலியை விட்டுவிட்டு ‘ஓ’ என்றே சொல்லிவிடுவதை அங்குள்ள மொழியார்வலர்கள் ‘சோம்பல் ஒலி’ என்று கண்டிக்கின்றனர்.) மறுபுறம், வல்லின மெய்யில் சொல் முடியாது என்னும் தமிழ் மரபுக்கு மாறாக, கான்டனீஸில் ப், த், க் என்னும் மெய்களில் சொற்கள் முடியும், அவற்றையும் வெடித்து ஒலிக்காமல், காற்றை அடைத்த நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். இவற்றைவிடக் கடினமானது தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் தன்மை. ‘ஸி’ என்னும் ஓரசை ஆறு தொனிகளில் முறையே கவிதை, வரலாறு, முயலுதல், நேரம், சந்தை, காரியம் எனப் பொருள்படும். தமிழ் எழுத்தில் இத்தொனிகளைக் காட்ட வழியில்லாமையால், இக்கட்டுரையில் தரப்படும் ஒலிவடிவங்களைக் கேள்விக்கு ஒரு சுட்டாக மட்டுமே கொள்ள வேண்டும்.

சீன மொழிகளின் மரபுத்தொடர்களில், செவ்வியல் நூல்களிலிருந்து வந்த நான்கெழுத்துத் தொடர்கள் ஒரு வகை. அவை எல்லாச் சீன மொழிகளுக்கும் பொதுவானவை. கான்டனீஸின் தனி மணம் வீசுவது அவற்றில் அன்று. தெருவிலும் அடுக்களையிலும் தேநீர்க்கடையிலும் பிறந்த வழக்குத் தொடர்களிலும், ‘ஹித் ஹவ் யூ’ எனப்படும் இருகூற்றுத் தொடர்களிலும்தான். ‘பின்பகுதியை ஓய்வில் விட்ட பேச்சு’ என்று இப்பெயரை விளக்கலாம். முன்கூறு ஒரு காட்சியைச் சொல்லும். பின்கூறு அதன் கருத்தைச் சொல்லும். பேசுவோர் முன்கூற்றை மட்டும் சொல்லி நிறுத்த, கேட்போர் பின்கூற்றைத் தம் மனத்தில் நிரப்பிக்கொள்வர். பழமொழிக்கும் விடுகதைக்கும் நடுவே நிற்கும் இவ்வகைக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லையெனினும், பழக்கம் உண்டு. ‘ஊரான் வீட்டு நெய்யே’ என்று ஒருவர் இழுத்து நிறுத்தினால், ‘என் பெண்டாட்டி கையே’ என்பதைக் கூடியிருப்போர் தாமே முடித்துக்கொள்வர். ‘தும்பை விட்டு’ என்ற அளவிலேயே வாலைப் பிடித்த கதை விளங்கிவிடும்.

‘நின் மான் ஜின் தொய்’ என்பது அத்தகைய ஒரு முன்கூறு. அரிசிமாவை உருட்டி, எள் தூவி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஜின் தொய் என்னும் பலகாரத்தை ஆண்டின் இறுதி நாள்களில் எல்லா வீடுகளிலும் செய்வது தென்சீன வழக்கம். ‘ஆண்டிறுதி ஜின் தொய்’ என்று சொல்லி நிறுத்தினால், ‘யன் யவ் ஙோ யவ்’, அதாவது ‘பிறரிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது’ என்பது அதன் நிறைவு. தேவை கருதாமல், ஊரார் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவே ஒன்றை வாங்குவதையோ செய்வதையோ இது குறிக்கும். தீபாவளிக்கு அதிரசம் சுடாத வீடு என்ற பெயர் வந்துவிடக் கூடாதே என்று மாவு இடிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இத்தொடரின் உட்பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வகைத் தொடர்களுள் தமிழர் நின்று நோக்க வேண்டியது, ‘நய் போவ் சாத் க்வோ கோங்’ என்பதாகும். ‘ஆற்றைக் கடக்கும் மண் போதிசத்துவர்’ என்பது முன்கூறு. ‘தம்மையே காத்துக்கொள்ள இயலாதவர்’ என்பது பின்கூறு. ‘போவ் சாத்’ என்பது போதிசத்துவர் என்னும் இந்தியச் சொல்லின் சுருங்கிய வடிவம். மாண்டரின் உச்சரிப்பில் தேய்ந்துபோன ஈற்று மெய்யாகிய ‘த்’ கான்டனீஸில் இன்றும் நிற்கிறது. இச்சொல் சீனத்துக்குச் சென்ற வழிகளுள் ஒன்று கடல்வழி. காஞ்சிபுரத்து அரசிளங்குமரர் என்று மரபு போற்றும் போதிதருமர், கடல்வழியாக வந்து முதன்முதல் கரையிறங்கிய இடம் என்று குவாங்சோவின் ஹுவாலின் கோயில் பகுதி இன்றும் சுட்டப்படுகிறது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்த தாம்பரத்து வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ‘7ஆம் அறிவு’ திரைப்படம் 2011-இல் வெளிவந்த பின்னர் போதிதருமரின் பெயரை அறியாதாரும் அரியர்.

மண்ணால் செய்த தெய்வ உருவம் நீரில் கரைவதைத் தென்சென்னையினர் ஆண்டுதோறும் நீலாங்கரைக் கடற்கரையில், விநாயகர் சதுர்த்தி முடிந்த நாள்களில் கண்ணாரக் காண்கின்றனர். எனினும், அக்கரைப்பு இங்கே வழிபாட்டின் நிறைவாகக் கருதப்படுகிறதே தவிர, தெய்வத்தின் இயலாமையாக எவரும் கருதுவதில்லை. ஆகவே விநாயகரைக் கொண்டு இத்தொடரை விளங்கிக்கொள்ள முயல்பவர் வழி தவறுவார். ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?’ என்னும் பழமொழியே அதற்கு அண்மையில் நிற்பது. அங்குள்ளது குதிரை அன்று, மணல்மேடு எனப் பொருள்படும் குதிர் என்று கூறுவோரும் உளர். ஆயினும் மக்கள் மனத்தில் கரைவது குதிரைதான். இரு தொடர்களிலும் மண், ஆறு, கரைதல் ஆகிய மூன்றும் ஒன்றாகவே இருந்தும், சொல்லும் வாய் வேறு. தமிழ்ப் பழமொழி, நம்பப்போகிறவரைத் தடுத்து நிறுத்தும் மூன்றாமவரின் எச்சரிக்கை. கான்டனீஸ் தொடரோ, பெரும்பாலும் நம்பப்பட்டவரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. கடன் கேட்டு வந்த உறவினரிடம், தாமே கடனில் மூழ்கியிருப்பவர், ‘மண் போதிசத்துவர் ஆற்றைக் கடக்கிறார்’ என்று சொன்னால், மறுப்பும் வருத்தமும் ஒருங்கே வெளிப்பட்டு, வந்தவரின் மதிப்பும் காக்கப்படும். அந்த இடத்தில் மண் குதிரையை மொழிபெயர்த்து வைத்தால், கேட்டவர்மீதே பழி விழுந்துவிடும். பொருள் அறிந்து பயன் அறியாமையின் விளைவு இத்தகையது.

கான்டனீஸ் வழக்கில் நீர் என்பது பணம். பணம் கொடு என்பதற்கு ‘நீரை எடை போடு’ என்பதும், வீண்பேச்சுப் பேசுதலுக்கு ‘நீர் ஊதுதல்’ என்பதும் அங்குள்ள வழக்குகள். முன்னதில் நீர் பணமாகவும் பின்னதில் சாரமற்ற பேச்சாகவும் நிற்பதைக் கவனிக்க வேண்டும். கையில் பசை இல்லை என்று தமிழர் சொல்லும்போது பசை பணமாவது போன்றதே நீர் பணமாவதும். புத்தாண்டு வாழ்த்துகளில் ஒன்றாக வழங்கும் ‘ஜூ லுங் யப் ஸொய்’ என்னும் தொடருக்குப் ‘பன்றிக்கூடைக்குள் நீர் புகுதல்’ என்பது நேர்ப்பொருள். பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல மூங்கிலால் இடைவெளி விட்டு முடையப்பட்ட நீள்கூடையை நீரில் அமிழ்த்தினால், எல்லாக் கண்களின் வழியாகவும் நீர் ஒருசேரப் பாயும். அவ்வாறே எல்லாத் திசைகளிலிருந்தும் செல்வம் பாயட்டும் என்பது வாழ்த்து. தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்னும் தமிழ் நம்பிக்கையின் தென்சீன உடன்பிறப்பு என்று இதனைச் சொல்லலாம். ஆனால், வினைச்சொல்லை மாற்றி ‘ஜம் ஜூ லுங்’ என்று, அதாவது ‘பன்றிக்கூடையில் அமிழ்த்துதல்’ என்று சொல்லிவிட்டால், ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்டோரை அக்கூடையில் அடைத்து மூழ்கடித்த பழங்காலக் கொடுந்தண்டனையின் பெயராகிவிடும். ஒரே கூடை, ஒரே நீர். ஒரு வினைச்சொல்லின் வேறுபாட்டால் வாழ்த்து சாவாகிறது.

நீர் பணமானதால் வறட்சி வறுமையாயிற்று. ஈரலைக் குறிக்கும் ‘கோன்’ என்னும் சொல்லும், உலர்ந்தது எனப் பொருள்படும் சொல்லும் ஒரே ஒலியுடையன ஆதலால், கான்டனீஸ் இறைச்சிக்கடையில் பன்றி ஈரலை அப்பெயரால் கேட்பதில்லை. ஈரம் என்னும் சொல்லோடு ஒலியொத்த வேறொரு பெயராலேயே கேட்பர். புத்தகம் என்னும் சொல் தோற்றல் என்னும் சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால், நாள், கோள் பார்க்கும் பஞ்சாங்க நூலுக்கு ‘வெற்றி’ என்னும் சொல்லைச் சேர்த்து ‘துங் ஸிங்’ என்று பெயரிட்டனர். வெறுமை எனப் பொருள்படும் ‘ஹுங்’ என்னும் சொல் தீமையைக் குறிக்கும் சொல்லோடு தொனியும் மாறாமல் ஒலிப்பதால், வாடகைக்கு விடப்படும் காலி வீட்டை ‘மங்கல வீடு’ என்று எழுதித் தொங்கவிடுவது ஹாங்காங் வழக்கம்.

இவற்றையெல்லாம் ஆங்கிலக் கையேடுகள் மூடநம்பிக்கை என்னும் தலைப்பின்கீழ் வைத்து நகர்ந்துவிடுகின்றன. தமிழ் இலக்கணமோ இவற்றுக்கு மிகப் பொருத்தமான இடத்தை முன்னரே வகுத்து வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வது மங்கலம். ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல், வேறு பெயரிட்டு வழங்குவது குழூஉக்குறி. மங்கல வீடும் ஈர ஈரலும் ஐயமின்றி மங்கலத்தின்பாற்படும். நீரைப் பணமாக்கியது வணிகர் குழூஉக்குறியின் சாயலை உடையது. விளக்கை அணைக்கச் சொல்லாமல் குளிரவைக்கச் சொல்லும், போகிறேன் என்னாமல் போய் வருகிறேன் என்று விடைபெறும் தமிழருக்கு, கான்டனீஸ் மங்கலச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, அது மங்கலம் என்று இனம் கண்டுகொள்வதே விரைவான வழி.

தொழிலிடத் தொடர்களில் இரு மொழிகளும் நெருங்கி வருகின்றன. வேலையிலிருந்து நீக்கப்படுதலைக் கான்டனீஸில் ‘சாவ் யவ் யூ’, அதாவது ‘கணவாய் மீனை வறுத்தல்’ என்பர். முற்காலத்தில் தொழிலாளர் தத்தம் படுக்கையோடு முதலாளியின் இடத்திலேயே தங்கியிருந்தனர் என்றும், நீக்கப்பட்டவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுவது, வாணலியில் கணவாய்த் துண்டு சுருள்வதை ஒத்திருந்தது என்றும் இதற்கு விளக்கம் கூறுவர். 1984-இல் தொடங்கப்பட்ட தாம்பரம் ஏற்றுமதி மண்டலமாகிய மெப்ஸிலும் பிற தொழிற்கூடங்களிலும் இதே நிகழ்ச்சிக்குச் ‘சீட்டைக் கிழித்தல்’ என்பதே பேச்சு. மேலதிகாரியைப் புகழ்ந்து காரியம் சாதிப்பது இங்கே காக்கா பிடித்தல், அங்கே செருப்புக்கு மெருகிடுதல். இருக்கும் வேலையை விடாமலே சிறந்ததைத் தேடுவதைக் ‘கே ஙவ் வன் மா’, ‘மாட்டின் மேல் அமர்ந்தபடி குதிரையைத் தேடுதல்’ என்பர். பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு இத்தொடர் மிகவும் உதவக்கூடும், ஏனெனில் இவ்வளவு பரவலாக நிகழும் இச்செயலுக்குத் தமிழில் இத்துணைச் செறிவான தொடர் இல்லை. ஒத்த தோற்றத்தால் ஏமாற்றும் தொடர்களும் உள. ‘தின் தங் தாம்’ என்பது மின்விளக்குக் குமிழ். அதைக் கேட்டவுடன் சென்னை இளைஞர் ‘பல்பு வாங்குதல்’ என்னும் தம் வழக்கை நினைத்துக்கொள்வர். ஆனால் அது காதலர் இருவரிடையே அகலாமல் அமர்ந்திருக்கும் மூன்றாமவரைக் குறிப்பது. சிவபூஜையில் புகுந்த கரடியே அதற்கு நிகர்.

இரு மொழிகளின் தொடர்களையும் அச்சேற்றித் தொகுக்கும் வேலை, ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வகையினரால் நடந்தது. சீனத்துக்குச் சென்ற மறைப்பணியாளர் ராபர்ட் மாரிசன் 1828-இல் மக்காவில் வெளியிட்ட கான்டன் சொற்றொகுதியின் மூன்றாம் பகுதியை முழுமையாகத் தொடர்களுக்கே ஒதுக்கினார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1840-களில் தமிழ்ப் பழமொழித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு, பின்னர் சென்னையில் 1874-இல் அதை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளாக விரித்தார். டேனிஷ் மறைப்பணியாளர் ஹெர்மன் ஜென்சன் 1897-இல் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாக வகுத்தார். இவர்களுடைய உழைப்பு போற்றத்தக்கது. எனினும் தொகுப்பில் இடம்பெறும் பழமொழி, சொன்னவரும் கேட்டவரும் நீங்கிய பின் எஞ்சிய சொற்களின் வரிசையாகவே நிற்கிறது.

தாம்பரத்துக்குச் சீனக் குரல்கள் நேரிலேயே வந்த காலமும் ஒன்று உண்டு. சீனத்தின் ஹாங்சோவ் நகரில் நடைபெறுவதாக இருந்த அனைத்துலக மறைப்பணி மன்றத்தின் மாநாடு, ஜப்பானியப் படையெடுப்பின் காரணமாக இடம் மாற்றப்பட்டு, 1938 டிசம்பரில், அதற்கு முந்தைய ஆண்டுதான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்தது. நான்ஜிங்கின் ஜின்லிங் கல்லூரித் தலைவர் வூ யிஃபாங் உள்ளிட்ட சீனப் பேராளர்கள் அவ்வளாகத்து மரங்களின் கீழ் நடமாடினர். ஆயினும் மாநாட்டுச் சந்திப்பில் மரபுத்தொடர்கள் கைமாறுவதில்லை; அதற்கு நீண்ட நாள் அண்டை வாழ்வு வேண்டும்.

அத்தகைய அண்டை வாழ்வு மலாயாவில் அமைந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்கள் கான்டனீஸ், ஹக்கா மக்களையும், ரப்பர்த் தோட்டங்களும் இருப்புப்பாதையும் தமிழரையும் கொண்டுவந்து சேர்க்க, ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சந்தை மொழிகளுள் ஒன்றாகக் கான்டனீஸ் நிலைபெற்றது. சீனப் பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்களும், இரு இனத்தார் கலந்து மணந்த குடும்பங்களும் அங்கே உண்டு. பின்னாளில் ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர்கள் வீடுதோறும் ஒலித்தன. இந்நகரங்களில் கான்டனீஸ் பேசும் தமிழர் எழுத்தை அறியாமலே செவிவழியாகக் கற்றவர்கள். காய்கறிக் கடையிலும் காப்பிக் கடையிலும், விலை பேசும்போதும் வம்பளக்கும்போதும், ஒவ்வொரு தொடரையும் அதைச் சொன்னவரின் முகத்தோடு சேர்த்துக் கற்றவர்கள். இருவர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் பேசுவதைக் ‘கய் துங் ஆப் கோங்’, ‘கோழி வாத்தோடு பேசுதல்’ என்று அங்குள்ளோர் சொல்வர். தமிழ் வாடிக்கையாளரோடு முதல் நாளில் அத்தொடரை வாய்விட்டுச் சொல்லும் கடைக்காரர், சில ஆண்டுகள் கழித்து, ‘ஆண்டிறுதி ஜின் தொய்’ என்று பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை அவர் முடித்துக்கொள்ளட்டும் என்று காய்களை நிறுக்கத் தொடங்கிவிடுகிறார்.